மாதுளைச் சிவப்பின் மிச்சங்கள்

இத்தாலியின் துரின் நகரை மேற்கே ஒட்டியிருக்கும் சிற்றூர் க்ருலியாஸ்கோ. அங்குள்ள வில்லா கிளரெத்தா அசாந்த்ரி என்ற பழைய மாளிகையில் 2008 மே 4 அன்று ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ‘கிராந்தே தொரினோ’ என்று இன்றும் பேசப்படும் 1940களின் தொரினோ கால்பந்து அணிக்கும், அதன் பின்வந்த கழக வரலாற்றுக்குமான இடம் அது. கழகத்தின் ஜெர்சி நிறத்தை இத்தாலியர் ‘கிரனாதா’ என்பார்கள். மாதுளையின் பெயரால் அமைந்த கருஞ்சிவப்பு. அருங்காட்சியகத்தைத் தொடங்கியது கழகமும் அல்ல, நகராட்சியும் அல்ல. ‘மெமோரியா ஸ்தோரிகா கிரனாதா’ என்ற ரசிகர் சங்கம் அதை நடத்தியது. வார இறுதியில் கதவைத் திறந்தவர்களும், வந்தவர்களை அழைத்துப்போய்க் கதை சொன்னவர்களும் சம்பளம் வாங்காத ரசிகர்கள்தாம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தவற்றில் பெரும்பகுதி யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவிலோ பரணிலோ பல பத்தாண்டுகள் கிடந்தவை.

ஒரு கழகத்தின் வரலாற்றை அதன் ரசிகர்கள் ஏன் தங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிவந்தது? தொரினோவில் அதற்கான காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகச் சேர்ந்தன. முதலில் அணி போனது, பிறகு மைதானம் போனது, கடைசியில் கழகமே திவாலானது.

தொரினோ கழகம் 1906 டிசம்பர் 3 அன்று, துரினின் பியெத்ரோ மிக்கா தெருவில் ஒரு பீர் விடுதியில் பிறந்தது. ஜுவெந்துஸ் கழகத்திலிருந்து மனக்கசப்போடு வெளியேறிய சிலரும் ஏற்கெனவே இருந்த இன்னொரு சிறு கழகத்தாரும் சேர்ந்து அதை அமைத்தார்கள். நகரச் சின்னத்தில் இருக்கும் காளையே கழகத்தின் சின்னமும் ஆனது. இருபது ஆண்டுகள் கழித்து, 1926 அக்டோபர் 17 அன்று, ஃபிலதெல்ஃபியா தெருவில் சொந்த மைதானம் திறக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் ரோமின் ஃபோர்த்தித்தூதோ அணி 4–0 என்று தோற்றுப்போனது. ஆட்டக்காரரின் மூச்சிரைப்பு கேட்கும் அளவுக்குக் கேலரி கோட்டை ஒட்டியிருந்த மைதானம் அது. 1940களில் ரயில்வே ஊழியர் ஒருவர் கேலரியிலிருந்து எக்காளம் ஊதுவார். அந்த ஓசை கேட்டதும் கேப்டன் வலென்தீனோ மட்சோலா ஜெர்சியின் கைகளை மடித்துவிட்டுக்கொள்வார். அடுத்த கால் மணி நேரத்தில் எதிரணியின் கதை முடிந்துவிடும் என்பது ரசிகர்களின் கணக்கு. பல நாள் அது சரியாகவும் இருந்தது.

மட்சோலாவின் அணி 1942–43 பருவத்தில் லீக் பட்டத்தை வென்றது. போர் காரணமாக லீக் நின்று, மீண்டும் தொடங்கிய 1945–46 முதல் 1948–49 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது. 1948 மே மாதம் அலெஸ்ஸாந்திரியா அணியை 10–0 என வீழ்த்தியது. 1943 தொடக்கம் முதல் ஆறாண்டுகளுக்கு மேல் சொந்த மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1947 மே 11 அன்று ஹங்கேரிக்கு எதிராக இத்தாலி இறக்கிய பதினோரு பேரில் பத்துப் பேர் தொரினோ ஆட்டக்காரர்கள். மிஞ்சிய ஒருவர், ஜுவெந்துஸின் கோல்கீப்பர். ஆட்டம் 3–2 என இத்தாலிக்கு வெற்றியாக முடிந்தது. போரில் தோற்று, பசியிலும் இடிபாட்டிலும் கிடந்த ஒரு நாட்டுக்கு அந்த ஜெர்சி வெறும் விளையாட்டு உடையாக இருந்திருக்க முடியாது.

1949 மே 3 அன்று அணி லிஸ்பனில் பென்ஃபிகா கழகத்தோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடி 4–3 என்று தோற்றது. பென்ஃபிகா கேப்டன் ஃபிரான்சிஸ்கோ ஃபெர்ரெய்ராவைக் கௌரவிக்க நடந்த ஆட்டம் அது. மறுநாள் ஃபியட் ஜி.212 ரக விமானம் பார்சிலோனாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு துரினை நோக்கி வந்தது. நகரின்மேல் மேகம் தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருந்தது. மாலை ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில், நகரின் கிழக்கே உள்ள சுப்பெர்கா குன்றின் உச்சியில், பசிலிக்காவின் பின்புறத் தாங்குசுவரில் விமானம் மோதியது. அதில் இருந்த 31 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பதினெட்டு ஆட்டக்காரர்கள், பயிற்சிக் குழுவினரும் கழக அலுவலர்களுமாக ஐவர், பத்திரிகையாளர் மூவர், பயண ஏற்பாட்டாளர் ஒருவர், விமானப் பணியாளர் நால்வர். பத்திரிகையாளர்களில் ஒருவர் துரினின் ‘துத்தோஸ்போர்த்’ இதழைத் தொடங்கிய ரெனாத்தோ கசல்போரே.

உடல்களை அடையாளம் காட்டும் பொறுப்பு இத்தாலிய அணியை இருமுறை உலகக் கோப்பை வெல்ல வைத்த வித்தோரியோ போட்சோவின் தலையில் விழுந்தது. அவர் தேர்ந்தெடுத்து வளர்த்த பையன்கள் பலர் அங்கே கிடந்தார்கள். இறுதி ஊர்வலத்தன்று துரின் தெருக்களில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டதாகச் சொல்வார்கள். பருவத்தில் இன்னும் நான்கு ஆட்டங்கள் பாக்கி இருந்தன. இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு தொரினோவையே சாம்பியன் என அறிவித்தது. பாக்கி ஆட்டங்களில் கழகத்தின் இளையோர் அணி இறங்க, எதிரணிகளும் தத்தம் இளையோரையே இறக்கின. அதே மாதம் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணி குடும்பங்களுக்கு நிதி திரட்டக் கடல் தாண்டி வந்து ஆடியது. அடுத்த ஆண்டு பிரேசில் உலகக் கோப்பைக்கு இத்தாலிய அணி விமானம் ஏற மனமில்லாமல் கப்பலில் போனது.

இனி, மிஞ்சிய பொருட்கள். விமானத்தின் ஒரு புரொப்பெல்லர், ஒரு டயர், உடற்பகுதியின் துண்டுகள் சில, மட்சோலா, வீர்ஜிலியோ மரோசோ, பயிற்சியாளர் எர்னோ எக்ரி எர்ப்ஸ்டைன் ஆகியோரின் பயணப் பைகள் — இவை அழியாமல் நின்றன. ரசிகர்களின் முயற்சி முதலில் குன்றின்மேல் பசிலிக்கா வளாகத்திலேயே காட்சிக்கூடமாக உருவெடுத்து, பிறகுதான் க்ருலியாஸ்கோவுக்கு இறங்கியது. நெடுங்காலம் குன்றோடு தங்கிவிட்ட பொருட்கள் இப்படி ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. உருக்குலைந்த உலோகத்தின் முன்னால் பார்வையாளர்கள் அதிகம் நிற்பதில் வியப்பில்லை. ஆனால் பைகள் வேறு வகை. அவை விபத்தின் பொருட்கள் அல்ல. விபத்துக்கு முந்திய நாளின் பொருட்கள். மடித்து வைத்துப் பூட்டி, வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்துவந்தவை.

எர்ப்ஸ்டைனின் பைக்கு இன்னும் ஒரு நீண்ட கதை உண்டு. ஹங்கேரிய யூதரான அவர் 1938இல் தொரினோவின் பயிற்சியாளராக வந்தார். அதே ஆண்டு இத்தாலியில் யூதருக்கு எதிரான சட்டங்கள் பிறக்க, நாட்டைவிட்டுப் போகும்படி ஆனது. 1944இல் புடாபெஸ்டில் கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பிய சிலரில் அவரும் ஒருவர், இன்னொருவர் பேலா குட்மன். போர் முடிந்ததும் தொரினோ தலைவர் ஃபெர்ருச்சோ நோவோ எர்ப்ஸ்டைனை மீண்டும் அழைத்துக்கொண்டார். முகாமிலிருந்து தப்பி வந்த மனிதர் சுப்பெர்காவில் முடிந்தார். அவரோடு தப்பிய குட்மன் பின்னாளில் எர்ப்ஸ்டைன் கடைசியாக எதிர்கொண்ட அதே பென்ஃபிகாவுக்குப் பயிற்சியாளராகி, 1961இலும் 1962இலும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஒரு பையைச் சுற்றி இவ்வளவு இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டும் சின்ன அட்டையில் இதில் கால்வாசியைக்கூட எழுத முடியாது. ரசிகர் அருங்காட்சியகங்களில் வாய்மொழிக் கதைக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

குடும்பங்களும் ரசிகர்களும் கொண்டுவந்து கொடுக்கும் பொருட்களில் பெரிய சிக்கல், இது யாருடையது என்பதுதான். ஜெர்சியை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய லீக்கில் முதுகில் எண் தைக்கும் வழக்கம் 1939–40 பருவத்தில் வந்தது; ஆட்டக்காரரின் பெயர் முதுகில் ஏறியதோ 1990களின் நடுவில். ஆகவே 1940களின் ஒரு ஜெர்சி தன்னைப் பற்றிச் சொல்வது நிறமும் எண்ணும் மட்டுமே. பட்டம் வென்ற அணி அடுத்த பருவத்தில் மார்பில் மூவண்ணக் கேடயச் சின்னத்தைத் தைத்துக்கொள்ளும் என்பதால், சின்னம் இருந்தால் காலத்தைக் கொஞ்சம் நெருங்கலாம். எண்ணைக் கொண்டு ஆளையும் ஓரளவு நெருங்கலாம். அந்த அணியின் வரிசை துரின்காரர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்: பச்சிகலூப்போ, பல்லரின், மரோசோ, கிரெட்சார், ரிகமோந்தி, கஸ்தில்யானோ, மெந்தி, லோயிக், கபெத்தோ, மட்சோலா, ஒஸ்ஸோலா. ஒன்று முதல் பதினொன்று வரை அதே வரிசை. 10 என்றால் மட்சோலா, 8 என்றால் லோயிக். ஆனால் 10ஆம் எண் ஜெர்சி மட்சோலாவுக்கு மட்டுமே தைத்தது அல்ல. அவர் காயத்தில் இருந்த நாளில் இன்னொருவர் அணிந்திருப்பார். இந்த இடத்தில்தான் உடன் வந்த புகைப்படம், கடிதம், குடும்பத்தார் எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம் எல்லாம் ஜெர்சியைவிட முக்கியமாகிவிடுகின்றன. சான்று இல்லாத ஜெர்சி ஒரு பழைய துணி; சான்றுள்ள ஜெர்சி ஆவணம்.

ஏழாம் எண்ணுக்குப் பிற்காலத்தில் வேறொரு பொருளும் சேர்ந்தது. 1960களில் அந்த எண்ணோடு ஆடிய ஜீஜி மெரோனி ஓவியம் வரைவார், தன் உடைகளைத் தானே வடிவமைத்துக்கொள்வார். 1967 அக்டோபர் 15 அன்று ஆட்டம் முடிந்த மாலையில் ரே உம்பெர்த்தோ சாலையைக் கடக்கும்போது கார் மோதி 24 வயதில் இறந்தார். அடுத்த வாரம் ஜுவெந்துஸுக்கு எதிரான ஆட்டத்தில் தொரினோ 4–0 என வென்றது. நான்காவது கோலை அடித்தவர் மெரோனியின் இடத்தில் ஏழாம் எண் அணிந்து இறங்கியவர். மெரோனியின்மேல் மோதிய காரை ஓட்டியவர் ஒரு 19 வயது தொரினோ ரசிகர். அவரே 2000இல் கழகத்தின் தலைவரானார். எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதத் தயங்குவார்.

பொருளின் அடையாளம் தீர்ந்த பிறகு, அதைக் கெடாமல் வைப்பது அடுத்த பாடு. கம்பளியும் பருத்தியும் வெளிச்சத்தில் வெளிறும். அருங்காட்சியகங்கள் துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படவிடுவதில்லை. ரசிகர் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த ஜெர்சி இருபது ஆண்டில் மாதுளை நிறத்திலிருந்து துரு நிறத்துக்கு வந்துவிடும். ஹேங்கரில் தொங்கினால் தோள்பட்டை இழுபடும். படுக்கவைத்து, மடிப்புக்குள் அமிலமற்ற காகிதம் சுருட்டி வைப்பதே முறை. கம்பளியில் பூச்சி இருந்தால், பாலித்தீனில் கட்டிக் கடுங்குளிரில் சில வாரம் வைத்துக் கொல்வார்கள். செய்தித்தாள் எல்லாவற்றிலும் மோசம்: மலிவான மரக்கூழ்க் காகிதம் தன் அமிலத்தாலேயே பழுத்து, விரல் பட்டால் உதிரும். ஆனால் விபத்துக்கு மறுநாள், மே 5ஆம் தேதி இதழைப் பத்திரப்படுத்தாத தொரினோ குடும்பம் குறைவு. ஆகவே நன்கொடையாக வருவதில் ஒரே பக்கத்தின் பிரதிகள் பல இருக்கும். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது.

தோல் பந்து இன்னொரு வகை. அந்தக் காலப் பந்து கையால் தைத்த தோல் பட்டைகளால் ஆனது. உள்ளே ரப்பர் பை, வாயில் கயிற்றுப் பின்னல். 1937 முதல் விதிப்படி அதன் எடை 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது சுமார் 396 முதல் 453 கிராம். ஆனால் அது ஆட்டம் தொடங்கும்போது உள்ள எடை. மழையில் நனைந்தால் தோல் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பின்னல் இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் கிழிக்கும். பீரோமேல் பல ஆண்டு கிடந்த பந்தில் காற்று இறங்கி, தோல் குழிந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கும். அதை மறுபடி ஊதிப் பெரிதாக்க ஆசைப்படுவதுதான் செய்யக்கூடாத காரியம், தையல் விட்டுப்போகும். குழிவுக்குள் மென்மையான பஞ்சையோ துணியையோ அணைகொடுத்து, அது இருக்கும் வடிவிலேயே நிறுத்திவைக்க வேண்டும்.

மைதானத்தின் கதைக்கு வருவோம். ஃபிலதெல்ஃபியாவில் கடைசி லீக் ஆட்டம் 1963இல் நடந்தது. பிறகு தொரினோ அணி நகரின் பெரிய ஸ்டேடியத்துக்கு மாறியது. பழைய மைதானம் பயிற்சிக்கு மட்டும் பயன்பட்டது. பயிற்சி நாட்களில் பள்ளிப் பையன்களும் ஓய்வுபெற்ற தொழிலாளிகளும் வேலியோரம் வந்து நிற்பார்கள். பராமரிப்பு நின்று, கான்கிரீட் பெயர்ந்து, 1997இல் மைதானம் இடிக்கப்பட்டது. பழைய கேலரியின் இரண்டு மொட்டைத் துண்டுகள் மட்டும் நின்றன. புதியது கட்டுகிறோம் என்ற வாக்குறுதிகள் வந்துபோக, இருபது ஆண்டுகள் அந்த இடத்தில் புல்தான் வளர்ந்தது. அணியின் நினைவுக்கு வீடாக இருக்கவேண்டிய இடமே இல்லாமல் போன நிலையில், ரசிகர்கள் வேறு ஊரின் மாளிகையைத் தேடிப் போனதைப் புரிந்துகொள்ளலாம்.

கடைசி அடி 2005இல் விழுந்தது. அந்தக் கோடையில் தொரினோ முதல் பிரிவுக்கு உயரும் தகுதியை ஆடுகளத்தில் வென்றது. ஆனால் கடன் சுமையால் பதிவு மறுக்கப்பட்டு, கழகம் திவாலானது. புதிய உரிமையாளரின்கீழ் புதிய நிறுவனமாக, இரண்டாம் பிரிவிலிருந்து மீண்டும் தொடங்கியது. திவாலில் ஒரு கழகத்தின் கோப்பைகளும் பெயரும் சின்னமும்கூடக் கடன்காரர்களுக்குப் போகவேண்டிய சொத்துக் கணக்கில் ஏறிவிடும். அவற்றைப் புதிய கழகம் அடுத்த ஆண்டு விலை கொடுத்தே மீட்க வேண்டியிருந்தது. ரசிகர் சங்கத்திடம் இருந்தவை இந்தக் கணக்கில் வரவில்லை. கழகத்துக்குக் கொடுத்த பரிசு ஏலத்துக்குப் போகலாம். ரசிகர் சங்கத்துக்குக் கொடுத்தது கழகத்தின் கடனுக்கு ஈடாகாது. பெட்டியில் வைத்துப் பூட்டிய ஒரு டிக்கெட் துண்டுக்கும் இந்தச் சட்ட வேறுபாடு பொருந்தும்.

இந்த வகை அருங்காட்சியகங்கள் பொருட்களை இரண்டு விதமாக வாங்குகின்றன. ஒன்று முழு நன்கொடை: உரிமை சங்கத்துக்கு மாறும். மற்றது இரவல்: உரிமை குடும்பத்திடமே இருக்கும், காட்சிக்கு மட்டும் கொடுப்பார்கள். ஆட்டக்காரரின் மனைவியோ மகனோ உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் இரவலே நடக்கிறது. பேரன்களின் காலத்தில்தான் அது நன்கொடையாகிறது, அல்லது இணைய ஏலத்துக்குப் போகிறது. இரண்டில் எதுவானாலும் எழுத்தில் இல்லாவிட்டால் வம்பு. தன்னார்வலர் நடத்தும் இடங்களின் பலவீனமும் இதுவே: நம்பிக்கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள், நம்பிக்கையில் வாங்கி வைப்பார்கள், வாங்கியவர் இறந்ததும் யார் கொடுத்தது என்று தெரியாது.

ஹாம்பர்க் நகரின் சாங்க்ட் பவுலி கழகத்தின் ரசிகர்கள் இதே வேலையை வேறு சூழ்நிலையில் செய்தார்கள். அவர்களின் மில்லெர்ந்தோர் ஸ்டேடியத்தில் புதிதாகக் கட்டிய கேலரியின் அடியில் ஒரு காவல் நிலையம் அமைக்கத் திட்டமிருந்தது. ரசிகர்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். அந்த இடத்துக்கு அருங்காட்சியகம் வந்தது. அதற்கான சங்கம் 2012இல், கழகம் பிறந்த 1910ஆம் ஆண்டைப் பெயராகச் சூடி உருவானது. அங்கே ரசிகர்கள் இடத்தைப் பிடித்துவிட்டுப் பொருட்களைத் தேடினார்கள். துரினில் பொருட்கள் முதலில் இருந்தன, இடம்தான் இல்லை.

பொருட்கள் வந்துகொண்டே இருக்கும் இன்னொரு வழியும் துரினில் உண்டு. ஒவ்வொரு மே 4 அன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் சுப்பெர்கா குன்றேறுகிறார்கள். பசிலிக்காவின் பின்னால், விமானம் மோதிய சுவரில் பதித்த நினைவுக்கல்லின் முன் அன்றைய தொரினோ கேப்டன் நின்று, இறந்த 31 பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். வந்தவர்கள் கழுத்திலிருந்து மஃப்ளரைக் கழற்றி அங்கே கட்டிவிட்டுப் போவார்கள். தொரினோவின் மாதுளைச் சிவப்பு மட்டுமல்ல; பிற இத்தாலிய அணிகள், போர்ச்சுகல், இங்கிலாந்து, அர்ஜென்டினா அணிகளின் நிறங்களும் அங்கே தொங்குவதுண்டு. கட்டிவிட்டுப் போனவர் யார் என்பதற்கு ரசீது கிடையாது. வெயிலிலும் மழையிலும் சில மாதத்தில் நிறம் போய்விடும்.

ஃபிலதெல்ஃபியாவின் மறுகட்டுமானம் 2015 அக்டோபர் 17 அன்று, பழைய மைதானம் திறந்த அதே தேதியில் தொடங்கியது. 2017 மே 25 அன்று மைதானம் திறக்கப்பட்டு, அணி பயிற்சிக்குத் திரும்பியது. பழைய கேலரியின் அந்த மொட்டைத் துண்டுகளை இடிக்காமல் புதிய வளாகத்துக்குள் அப்படியே விட்டுவைத்தார்கள். வளாகத் திட்டத்தில் அருங்காட்சியகத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. மைதானம் திறந்த நாளில் அது வரைபடமாகவே இருந்தது.

மறு ஆண்டு, 2018 ஏப்ரலில், சவ்ரோ தோமா தமது 92ஆம் வயதில் இறந்தார். 1949இல் முழங்கால் காயத்தால் லிஸ்பன் போகாமல் வீட்டில் இருந்துவிட்ட தடுப்பாட்டக்காரர் அவர். அந்த அணியின் உடைமாற்றும் அறையில் எந்த ஆணியில் யாருடைய ஜெர்சி தொங்கியது என்று பார்த்தே சொல்லக்கூடியவர்களில் அவரே கடைசி.